சொந்தப் படகில் கடலோரப் பூங்காவுக்கு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சின்னதாக ஒரு படகை வைத்துக்கொண்டு பல வருடமாகக் கடலோரப் பூங்காக்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் படகு வாங்கியவர்கள் யாரைப் பார்த்தாலும் இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், நானும் இதே பதிலைத்தான் சொல்கிறேன், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கடலோரப் பூங்கா என்று இங்கே சொல்வது கரையோ, தீவோ, சுற்றியிருக்கும் கடலோ சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்தை. ஊஞ்சல் சறுக்குமரம் இருக்கும் பூங்கா இல்லை.

எங்கிட்ட சொந்தப் படகு இருக்கு. நேரா கிளம்பிப் போயிடலாமா, இல்ல அனுமதி ஏதாவது வாங்கணுமா?

பூங்காவுக்குப் பூங்கா மாறும். ஃப்ளோரிடாவின் ட்ரை டார்ட்டூகாஸ் தேசியப் பூங்காவில் சொந்தப் படகில் வருகிறவர்கள் ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ஈக்குவடாரின் கலாபகஸ் தீவுகளுக்குச் சொந்தப் படகில் போவதென்றால் முன்கூட்டியே உள்ளூர் முகவர் மூலம் விண்ணப்பித்து, படகைப் பரிசோதனைக்கும் காட்ட வேண்டும். வேறு சில பூங்காக்களில் யாரையும் கேட்காமல் உள்ளே போய்விடலாம்.

பலர் தடுக்கி விழுவது வேறு இடத்தில். "அனுமதி உண்டா" என்று பொதுவாகக் கேட்கிறார்கள், "உண்டு" என்று பதில் வருகிறது, போய் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கடலுக்குள் படகு நுழைவது, அங்கே நங்கூரம் போட்டு இரவு தங்குவது, கரையில் கால் வைப்பது, இவை மூன்றும் தனித்தனி விஷயம். ஒன்றுக்கு அனுமதி இருந்தால் மற்றதற்கும் இருக்கும் என்று எந்தப் பூங்காவும் சொல்லவில்லை. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பூங்கான்னா நிலம்தானே? கடலுக்கு எங்க போய் எல்லை போடுறது?

ஃப்ளோரிடாவில் பிஸ்கேன் தேசியப் பூங்காவின் பரப்பில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். கரையைப் பார்த்து "இன்னும் பூங்கா வரவில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அரை மணி நேரமாக அதற்குள்தான் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஒரே பூங்காவுக்குள்ளேயும் பகுதிக்குப் பகுதி விதி மாறும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பூங்கா 3,44,400 சதுர கிலோமீட்டர். அதை வண்ணம் வண்ணமாகப் பிரித்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். பச்சை மண்டலத்தில் படகு ஓட்டலாம், நீந்தலாம், மீன் பிடிக்கக் கூடாது. இளஞ்சிவப்பு மண்டலத்தில் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. கடலில் கோடு எதுவும் தெரியாது, எல்லாவற்றுக்கும் மிதவை போட்டிருப்பார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மண்டல வரைபடத்தைக் கிளம்பும் முன்பே ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொள்ள வேண்டும், கூடவே ஒரு பிரதி காகிதத்தில்.

போன்ல மேப் இருக்கே, அது போதாதா?

போதாது. அந்த மேப்பில் கடல் முழுக்க ஒரே நீலம். முழங்கால் ஆழமும் முந்நூறு மீட்டர் ஆழமும் அதற்கு ஒன்றுதான். உங்களுக்கு வேண்டியது கடல்வரைபடம், ஆழம் எண்ணாக எழுதியிருக்கும். அந்த எண் பெரும்பாலும் நீர் நன்றாக வற்றியிருக்கும்போது உள்ள ஆழம், ஆனால் எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று வரைபடத்தின் ஓரத்திலேயே போட்டிருப்பார்கள், அதையும் படித்துவிடுங்கள்.

கடல்வரைபடமும் முழுசாக நம்பத் தக்கதல்ல. ஒதுக்குப்புறமான குடாக்களை எப்போதோ அளந்ததோடு விட்டிருப்பார்கள், மணல்திட்டு அதற்குள் இடம் மாறியிருக்கும். கடைசி நூறு மீட்டருக்குக் கண்தான். சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்கும்போது, நீரில் பட்டுக் கூசும் வெளிச்சத்தைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருவர் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில் நின்று பார்க்க வேண்டும். கருநீலம் ஆழம், பச்சை ஆழம் குறைவு, வெளிறிய வெள்ளை மணல்திட்டு, பழுப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பாறை அல்லது கடற்புல். மாலையில் வெயில் கண்ணில் அடிக்கும்போது இது எதுவும் தெரியாது, தண்ணீர் தகடு மாதிரி பளபளக்கும். அதனால்தான் தெரியாத குடாவுக்குள் மூன்று மணிக்குப் பிறகு நுழைவதை நான் விட்டுவிட்டேன்.

ஏற்றம் வற்றம்லாம் மீனவர்களுக்குத்தானே, ஒரு நாள் போயிட்டு வர்ற எனக்கு எதுக்கு?

ஒரு நாள் போகிறவருக்குத்தான் அது அதிகம் தேவை. காலையில் நீர் ஏறியிருக்கும்போது குடாவுக்குள் போவீர்கள், ஆறு மணி நேரத்தில் வற்றிவிடும், வந்த வழியில் திரும்ப முடியாது. பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் இரண்டுமே அதிகம். போன வாரம் தாராளமாக நுழைந்த வாய்க்காலில் இந்த வாரம் அடி உரசுவது இதனால்தான்.

நீர் ஒரே சீராக இறங்காது. ஆறு மணி நேரத்தில் இறங்குவதைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மறுபடி மூன்று, இரண்டு, ஒன்று. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி போய்விடும். மொத்தம் 3 மீட்டர் வற்றும் இடத்தில் அந்த இரண்டு மணியில் ஒன்றரை மீட்டர் காணாமல் போகும். "இப்போதுதான் பார்த்தேன், நிறையத் தண்ணீர் இருந்தது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இது தோராயக் கணக்கு, எல்லாக் கரைக்கும் அப்படியே பொருந்தாது, ஏற்ற வற்ற நேரம் போட்டிருக்கும் அந்த இடத்து ஓத அட்டவணையையும் பாருங்கள்.

நங்கூரத்த எங்க வேணா போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அனுமதிச் சீட்டு பற்றிக் கேட்கிற பத்துப் பேரில் ஒருவர்கூட, படகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. பூங்கா வைத்திருப்பதே அந்த அடிக்காகத்தான். பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது, கடற்புல் மேலும் கூடாது. மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்ற கடற்புல் பக்கவாட்டில் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். ஒரு நங்கூரம் ஒரே இழுப்பில் கிழித்த இடம் மூட எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் இந்தப் புல் மேல் நங்கூரம் போடுவதை 2018-ல் ஆணை போட்டே தடுத்தார்கள்.

நங்கூரத்தைவிட மோசம் சங்கிலி. நங்கூரம் விழுவது ஓர் இடத்தில். காற்று மாறும்போது படகு சுற்றி வரும், கூடவே அடியில் கிடக்கும் சங்கிலி துடைப்பம் மாதிரி வட்டமாகப் பெருக்கும். ஆகவே நங்கூரம் விழும் இடம் மணலாக இருந்தால் போதாது, அந்த வட்டம் முழுக்க மணலாக இருக்க வேண்டும். வெளிறித் தெரியும் பெரிய மணல்திட்டாகத் தேடுங்கள். நங்கூரத்தை வீசாமல் மெதுவாக இறக்குங்கள். எடுக்கும்போது படகை முன்னால் ஓட்டி, கயிறு செங்குத்தாக வந்த பிறகு தூக்குங்கள். பின்னால் நின்றுகொண்டே இழுத்தால் அதுவும் உழவுதான்.

உங்கள் உயிருக்கான விதி ஒன்றும் உண்டு. காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும் பக்கத்தில் நங்கூரம் போடாதீர்கள், பிடி விட்டால் நேராகப் பாறையில்தான். காலையில் காற்றே இல்லாமல் கண்ணாடி போலக் கிடக்கும் குடா, மதியம் கடற்காற்று கிளம்பியதும் அப்படிப்பட்ட இடமாக மாறிவிடலாம். போடும்போது இருக்கும் காற்றைப் பார்த்தால் போதாது, மாலையில் வரப்போகும் காற்றையும் பார்த்துப் போடுங்கள்.

எவ்வளவு கயிறு விடணும்? ஆழம் 4 மீட்டர்னா 6 மீட்டர் போதும்ல?

போதாது. நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை, இழுப்பு தரையோடு படுத்து வரும்போதுதான் அது மண்ணைக் கவ்வும். மேல்நோக்கி இழுத்தால் கழன்றுவிடும். முழுக்கச் சங்கிலி என்றால் உயரத்தைப்போல் ஐந்து மடங்கு, பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு என்பது பொதுவான அளவு.

எந்த உயரம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். இப்போதுள்ள ஆழம் 4 மீட்டர், இன்னும் ஏற வேண்டிய நீர் ஒன்றரை, நீர்மட்டத்திலிருந்து அணியம் வரை 1. ஆக ஆறரை. ஏழு மடங்கு என்றால் 45 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 6 மீட்டர் எங்கே, 45 எங்கே.

பிடிச்சிருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?

கயிற்றை விட்டதும் இஞ்சினை ரிவர்ஸில் போட்டு, முதலில் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இழுத்துப் பாருங்கள். அப்போது அணியத்துக்குப் போய் கயிற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பிடித்திருந்தால் கயிறு இறுகி, சும்மா விறைப்பாக நிற்கும். இழுபட்டால் கையில் தெரியும்: தட்தட்டென்று அதிரும், ஒரு நொடி தளரும், மறுபடி உதறும், சரளைக் கல் ரோட்டில் சைக்கிள் கைப்பிடி அதிர்கிற மாதிரி. ஒரு தடவை அந்த அதிர்வைத் தொட்டுவிட்டால் பிறகு மறக்காது.

அடுத்து, கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு பாறையும் அதற்கு நேர் பின்னால் ஒரு மரமும் மாதிரி. அரை மணி கழித்தும் அவை ஒரே நேர்கோட்டில் இருந்தால் சரி. ஜிபிஎஸ் அலாரமும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நான் பாறையையும் மரத்தையும்தான் முதலில் பார்ப்பேன்.

அங்கங்க மிதவை போட்டு வச்சிருக்காங்களே, அதுல கட்டிக்கிட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள். கடலடியில் நிரந்தரமாக ஓர் ஊன்று, அதிலிருந்து மேலே மிதவை, நீங்கள் நங்கூரமே போட வேண்டாம். 1981-ல் ஃப்ளோரிடாவின் கீ லார்கோ பவளத்திட்டுகளில் ஜான் ஹேலஸ் என்ற கடல் உயிரியலாளர் இப்படிப்பட்ட மிதவைகளை அமைத்தார். பாறையில் துளை போட்டு ஊன்றிய அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் போனது.

ஆனால் கண்ணில் பட்ட மிதவையில் எல்லாம் கட்டாதீர்கள். சில தனியாருக்கு உரியவை, சில எல்லையைக் காட்டுபவை, சில அடியில் போட்டிருக்கும் மீன்பொறியின் அடையாளம். கட்டுவதற்கென்றே உள்ளதில் எத்தனை மீட்டர் படகு வரை, எவ்வளவு காற்று வரை, எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும். கட்டும்போது உங்கள் கயிற்றை மிதவையின் கயிற்றில் இருக்கும் கண்ணியில் கோத்து, கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஒட்டக் கட்டினால் ஒவ்வொரு அலையும் ஊன்றைப் பிடுங்கப் பார்க்கும். கட்டிய பிறகு முடிந்தால் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கி அடிக்கயிற்றைப் பாருங்கள். தேய்ந்து நூல் நூலாகத் தொங்கினால் கட்டாமல் நகருங்கள், பூங்கா அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கரையில எப்படி இறங்குறது? படகுத்துறை இருக்கும்ல?

பல இடங்களில் இருக்காது. இருந்தாலும் அது பூங்காவின் படகுக்கோ பயணிகள் படகுக்கோ ஒதுக்கியதாக இருக்கலாம், ஆளை இறக்கிவிட்டு உடனே நகர வேண்டியிருக்கலாம். பெரிய படகை வெளியே நிறுத்திவிட்டு ரப்பர் படகிலோ கயாக்கிலோ கரைக்குப் போவதுதான் வழக்கம். அலை கூட்டம் கூட்டமாக வரும், பெரிய அலைகள் சில வந்து போனதும் சிறிது நேரம் அடங்கும். வெளியே நின்று பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, அடங்கும் நேரத்தில் போங்கள். கரை நெருங்கியதும் இஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட வேண்டும். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், உடம்பில், பைக்குள் இல்லை.

கரை ஏறியதும் ரப்பர் படகை எங்கே விடுவது? ஈர மணலுக்கு மேலே, காய்ந்த கடற்பாசி வரிசையாகக் கிடக்கும் கோட்டையும் தாண்டி. நான் ஒரு தடவை ஈர மணலிலேயே விட்டுவிட்டு நடக்கப் போய்விட்டேன், நீர் ஏறும் நேரம், திரும்பி வந்தால் அது நிதானமாகக் குடாவின் நடுவில் மிதந்துகொண்டிருக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டு நீந்தினேன். ஏற்றம் வற்றம் பற்றி மேலே அவ்வளவு பேசியவனின் யோக்கியதை இது.

எரிபொருள், குடிதண்ணி அங்க கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மேலே சொன்ன ட்ரை டார்ட்டூகாஸ், ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் ஊரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், அங்கே எரிபொருளும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. டாங்கில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, மூன்றாவதைத் தொடக் கூடாது. எதிர்க்காற்றில் திரும்பும்போது அதே தூரத்துக்குக் கூடுதலாகக் குடிக்கும், மூன்றாவது பங்கு அதற்குத்தான்.

போன்ல சிக்னல் இருக்கும்ல, ஏதாவதுன்னா கூப்பிட்டுக்கலாமே?

குன்றுக்குப் பின்னால் இருக்கும் குடாவில் இருக்காது. இருந்தாலும் போன் ஒருவரைத்தான் கூப்பிடும், விஎச்எஃப் ரேடியோவில் பேசினால் சுற்றியுள்ள எல்லாப் படகும் கேட்கும், உங்களைக் காப்பாற்றப் போவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் படகுதான். ஆபத்து அழைப்புக்கு சானல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். உயிருக்கு ஆபத்து என்றால் "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். இடத்தை முன்னாலேயே சொல்லுங்கள், நடுவில் ரேடியோ செத்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

விஎச்எஃப் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், கையடக்க ரேடியோ உயரமான கரையைத் தாண்டிப் பேசாது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. இதற்கெல்லாம் முன்னால் செலவே இல்லாத ஒன்று: எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு மேல் ஆளைத் தேடச் சொல்ல வேண்டும் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதும் அவருக்குச் சொல்ல மறக்காதீர்கள். மறந்தவர்களைத் தேடிப் படகு கிளம்பியிருக்கிறது.

நாயைக் கூட்டிட்டுப் போகலாமா?

படகில் சரி, கரையில் பெரும்பாலும் இல்லை. தரையில் கூடு கட்டும் கடற்பறவைகள் நாயைப் பார்த்தால் முட்டையை விட்டுவிட்டுப் பறந்துவிடும். "கயிறு கட்டித்தானே வச்சிருக்கேன்" என்பது அந்தப் பறவைக்குத் தெரியாது.

தூண்டில் போடலாமா? ஒரு மீனு ரெண்டு மீனுதானே.

இரண்டாவது கேள்வியில் சொன்ன மண்டலங்களைப் பாருங்கள், ஒரு மீனுக்கும் அதே விதிதான். ஒரே படகுப் பயணத்தில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் பிடித்துவிட்டுத் தடை மண்டலம் வழியாகத் திரும்புகிறீர்கள் என்றால் தூண்டிலை எல்லாம் சுருட்டி உள்ளே வையுங்கள். பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பச்சை மண்டலத்தைக் கடக்கும்போது அப்படி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது விதியே. கயிறு தண்ணீரில் தொங்கினால், சும்மா போய்க்கொண்டிருந்தேன் என்று சொல்லி நிரூபிக்க முடியாது.

டால்ஃபின், திமிங்கிலம் வந்தா கிட்டப் போய்ப் பார்க்கலாமா?

தூரம் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் பொதுவாகத் திமிங்கிலத்துக்கு 100 மீட்டர், டால்ஃபினுக்கு 50 மீட்டர், குட்டி கூட இருந்தால் இன்னும் அதிகம். நேர் முன்னாலோ நேர் பின்னாலோ போகாதீர்கள், பக்கவாட்டில் இணையாக, மெதுவாகப் போங்கள். அவையாகவே உங்களிடம் வந்தால் இஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அதைவிட நல்ல காட்சி துரத்தினால் கிடைக்காது. பாறையில் படுத்திருக்கும் கடல்நாய்கள் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாலே நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படகுல இருக்குற கக்கூஸ்? குப்பை?

கூச்சப்பட்டுக் கடைசியில் கேட்பார்கள், கேட்பது நல்லது. மார்ப்பால் என்ற உலக ஒப்பந்தப்படி பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும், எவ்வளவு தூரத்திலும் போடக் கூடாது, சின்னப் படகும் இதில் அடக்கம். கழிவுத்தொட்டியைப் பூங்காவுக்குள் திறக்கக் கூடாது என்று பல இடங்களில் விதி உண்டு. தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்பி, நிரப்பிக்கொண்டு திரும்பி, கரையில் உறிஞ்சி எடுக்கும் இடத்தில் கொடுங்கள். தோல், விதை எல்லாம் மக்கிவிடும்தானே என்று தீவில் எறிய வேண்டாம், அங்கே இல்லாத செடி முளைப்பது அப்படித்தான். எலி இல்லாத தீவில் எலி ஏறுவதும் படகிலிருந்துதான்.

படகோட அடியைச் சுரண்டிட்டுத்தான் வரணும்னு சொல்றாங்க. வேகம் குறையும்ங்கறதுக்கா?

வேகம் உங்கள் பிரச்சினை, அவர்களுக்குப் பிரச்சினை அடியில் ஒட்டிக்கொண்டு வருகிற உயிரினம். 1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் படகுத்துறைகளில் அந்தக் கடலுக்கே சொந்தமில்லாத கருவரிச் சிப்பி ஒன்று மண்டியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். துறைகளை மூடி, குளோரினும் காப்பர் சல்பேட்டும் கொட்டி, உள்ளே இருந்த மற்ற உயிர்களும் சாகிற அளவுக்குச் செய்துதான் அதை ஒழிக்க முடிந்தது. மூடி வைக்கக்கூடிய துறை என்பதால் அது நடந்தது, திறந்த பவளத்திட்டில் அப்படிச் செய்ய முடியுமா? அதனால்தான் கலாபகஸில் படகின் அடியைப் பார்த்த பிறகு உள்ளே விடுகிறார்கள். ஒன்று மட்டும்: சுரண்டுவதைப் பூங்காவுக்குள் வந்து செய்யாதீர்கள், கிளம்பும் இடத்தில் படகைக் கரையேற்றிச் செய்யுங்கள்.

இஞ்சின் ஓடுது, ஆனா நியூட்ரல்லதான் இருக்கு. பசங்க பின்னாடி படியில உக்காந்து கால ஆட்டிக்கிட்டிருக்கலாமா?

கூடாது. புரொப்பெல்லர் ஒரு காரணம், நியூட்ரல் என்று நீங்கள் நினைக்கும் நெம்புகோலில் யாராவது கை வைத்தால் போதும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, அது படகின் பின்பக்கத்திலேயே தேங்கி நிற்கும். மயக்கம் வந்து தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஜெனரேட்டர் ஓடினாலும் இதே கதைதான். ஆள் தண்ணீருக்குப் போகும் முன் சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போடுங்கள்.

தரை தட்டிடுச்சு. ரிவர்ஸ்ல முழு வேகம் குடுத்தா வெளிய வந்துடும்ல?

அந்த முழு வேகத்தில் நடப்பது என்னவென்றால், புரொப்பெல்லர் கடற்புல்லை வேரோடு பிடுங்கிப் பள்ளம் தோண்டும், மணலை இஞ்சினின் குளிர்நீர்க் குழாய் உறிஞ்சும், படகும் வெளியே வராது. முதலில் இஞ்சினை நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் வருகிறதா, யாருக்காவது அடியா என்று பாருங்கள். அப்புறம் ஓத அட்டவணை. நீர் ஏறப் போகிறது என்றால் இஞ்சினைத் தூக்கிவிட்டு, காற்று இன்னும் உள்ளே தள்ளாதபடி ஆழமான பக்கம் நங்கூரத்தைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காத்திருங்கள், தானாகவே மிதக்கும். வற்றப் போகிறது என்றால் முதல் சில நிமிடம்தான் வாய்ப்பு: எடையை ஒரு பக்கம் மாற்றி, மணலாக இருந்தால் இறங்கி வந்த வழியே தள்ளிப் பாருங்கள். நகரவில்லையா, உட்கார்ந்துவிடுங்கள்.

பூங்காவுக்குச் சொல்லாமல் நழுவிவிடலாமா என்று அடுத்து கேட்பார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் சேதத்துக்கான செலவைச் சேதம் செய்தவரிடமே வசூலிக்க 1990 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நாமாகச் சொன்னால், உடைந்த பவளத்தைச் சீக்கிரம் எடுத்து மறுபடி ஒட்டவைக்கவாவது வழி உண்டு.

வேற நாட்டுலேர்ந்து வர்றோம். வழியிலதான் பூங்கா, அங்க ஒரு ராத்திரி தங்கிட்டு அப்புறமா துறைமுகம் போய் பாஸ்போர்ட்ல முத்திரை வாங்கிக்கலாமா?

வேண்டாம். பொதுவாக, முதலில் நுழைவுத் துறைமுகம், சோதனைக்குக் காத்திருக்கிறோம் என்று காட்டும் மஞ்சள் 'க்யூ' கொடி ஏற்றி, குடியேற்றம், சுங்கம் முடித்து, பிறகுதான் மற்ற இடம். பூங்கா பெரும்பாலும் நுழைவுத் துறைமுகம் இல்லை. புயலோ பழுதோ என்று ஒதுங்க நேர்ந்தால் உடனே ரேடியோவில் சொல்லிவிடுங்கள், கரையில் கால் வைக்காதீர்கள்.

நாங்க முதல்ல வந்து நங்கூரம் போட்டோம். அப்புறம் ஒருத்தர் வந்து பக்கத்துலயே போடுறாரு. யாரு நகரணும்?

பின்னால் வந்தவர். முதலில் போட்டவரின் சுழல்வட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர் போட வேண்டும் என்பது எங்கும் உள்ள மரபு. ஆனால் அவர் முழுச் சங்கிலி, நீங்கள் 45 மீட்டர் கயிறு என்றால் காற்று திரும்பும்போது இரண்டு படகும் ஒரே மாதிரி சுற்றாது, இப்போது தள்ளித் தெரிகிற படகு ராத்திரி இரண்டு மணிக்கு இடிக்கும். கத்தாமல், எவ்வளவு கயிறு விட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள், உங்களுடையதையும் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அதைக் கேட்டதுமே நகர்ந்துவிடுவார்கள். நகராதவரோடு வாதாடிப் பயனில்லை, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்கள் நகர்ந்துவிடுங்கள். இருட்டியதும் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றை உயரத்தில் ஏற்றுவதும் மறக்கக் கூடாது, அது கடல்போக்குவரத்து விதி.

போய்ச் சேர்ந்தா மிதவை எல்லாம் நிறைஞ்சு போச்சு, மணல்திட்டும் இல்ல, இருட்டப் போகுது. ஒரு ராத்திரிதானேன்னு புல்லு மேலயே போட்டுடலாமா?

எனக்கு வருவதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான், ஏனென்றால் கேட்பவர் அந்த நேரத்தில் களைத்துப் போயிருப்பார், கூடக் குழந்தைகள் இருக்கும். காற்று பலமாகி உயிருக்கு ஆபத்து என்ற நிலை என்றால் கிடைத்த இடத்தில் போடுங்கள், ரேடியோவில் பூங்காவுக்குச் சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெறும் அலுப்பு என்றால் கூடாது. போதாக்குறைக்கு அடர்ந்த புல்லில் நங்கூரம் பல நேரம் கவ்வாது, பிடித்த மாதிரி பாசாங்கு செய்துவிட்டு நடு இரவில் ஒரு கொத்துப் புல்லோடு கழன்று வரும்.

இதற்கு விடை இருட்டும் நேரத்தில் கிடைக்காது, காலையில்தான் தேட வேண்டும். கிளம்பும் முன்பே இரண்டாவது இடம் ஒன்றை, பூங்காவுக்கு வெளியே இருந்தாலும் பரவாயில்லை, ஆழமும் காற்றுத் திசையும் பார்த்துக் குறித்துவிடுகிறேன். கூடவே ஒரு நேரம்: இத்தனை மணிக்குள் முதல் இடத்தில் நங்கூரம் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவது, அங்கே வெளிச்சத்தோடு போய்ச் சேரும் கணக்கில். அந்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். போன தடவை எழுதியது 3:40. மணி 3:35 ஆனபோது எங்களுக்கு முன்னால் ஒரு படகு மிதவையை அவிழ்ப்பது போல் தெரிந்தது, ஐந்து நிமிடம் பார்த்தோம், அவர்கள் கயிற்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பிவிட்டோம்.